சட்டையை யார் எடுத்துக் கொடுப்பது

இந்த வருடம் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, பந்தை எப்படி எறிவது, எப்படித் தடுப்பது என்று நான் உங்களுக்கு எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் கையிலிருக்கும் போனிலேயே கிடைக்கிறது, என்னைவிட வடிவாகவும் காட்டுகிறார்கள். பிள்ளைகளிடம் எப்போது கேட்பது, பிள்ளைகளுக்கு எப்போது சொல்வது என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பணியில் இருந்த காலம் முழுக்க என்னை அலைக்கழித்த விஷயம் அது.

என்னைப் பற்றி நீங்கள் அறிந்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. என் தொண்டை. திருகோணமலை நகரத்தில் ஆணும் பெண்ணும் படிக்கும் கலவன் பாடசாலை ஒன்றில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். அங்கே பாதிப் பிள்ளைகளுக்கு என் பெயர் தெரியாது. 'சங்கு ரீச்சர்' என்றால் தெரியும். துறைமுகத்துக்குள் வரும் கப்பல் ஊதுகிறதே, அந்தச் சங்கு. மைதானத்தின் ஒரு மூலையில் நின்று நான் கூப்பிட்டால் மறுமூலையில் மேய்கிற மான்கள், எங்கள் ஊரில் மாடு மாதிரித் தெருவில் திரிகிறவை, தலையைத் தூக்கிப் பார்க்கும். வீட்டிலும் அதே தொண்டைதான். அதைப் பற்றி என் கணவர் எழுதத் தொடங்கினால் தனிப் புத்தகம் வேண்டும்.

தொண்டை எப்படியோ, பயிற்சியும் அப்படித்தான் இருந்தது. ஓடு என்றால் ஓடவேண்டும். நில் என்றால் நிற்கவேண்டும். யார் எந்த இடத்தில் விளையாடுவது என்று நான் சொல்வேன், பிள்ளைகள் கேட்பார்கள். ஏன் ரீச்சர் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. கேட்காததை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பயிற்றுநர்களுக்கான கருத்தரங்கு ஒன்றுக்குப் போனேன். பேச வந்தவர் என் மகன் வயதுக்காரர். ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் தானே முடிவெடுத்துச் சொல்கிற பயிற்றுநரை விரும்புகிறார்கள், பெண்பிள்ளைகள் தங்களையும் கேட்டு, செய்ததைப் பாராட்டி நடத்துகிறவரை விரும்புகிறார்கள் என்றார். பின்வரிசையில் இருந்த நான், 'இவர் எங்கள் கிரவுண்டுக்கு ஒரு நாள் வந்து பார்க்கட்டும்' என்று பக்கத்துக் கதிரைக்காரிக்குச் சொல்லிச் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். கடைசியாக எப்போது ஒரு பிள்ளையிடம் நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டீர்கள் என்றார். தேநீர் இடைவேளையில் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். ரோல்ஸ் ஆறிப்போனதுதான் மிச்சம். ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை.

திரும்பி வந்ததும் ஒரு வழக்கத்தைத் தொடங்கினேன். வலைப்பந்தில் ஏழு பேர், ஏழு இடம். யார் எந்த இடம் என்பதற்கு அந்தந்த இடத்துக்குரிய ஆங்கில எழுத்து ஒட்டிய கையில்லாத மேற்சட்டை ஒன்று இருக்கும். முன்பெல்லாம் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாக நான் எறிவேன். இப்போது ஏழு சட்டையையும் கோட்டுக்கு வெளியே குவித்துப் போட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன். நீங்களே கதைத்து எடுங்கோ என்றேன்.

முதல் நாள் பிள்ளைகள் நட்ட கம்பம் மாதிரி நின்றார்கள். ரீச்சருக்குச் சுகமில்லையோ என்று ஒருத்தி மற்றவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது. இரண்டு கிழமை போனதும் வாய் திறந்தது. வளர்த்தியாக இருக்கிறாள் என்று கோல் போட வலைக்குப் பக்கத்தில் நான் நிறுத்தி வைத்திருந்த பிள்ளை, தனக்குத் தடுப்பதுதான் பிடிக்கும் என்று சொல்லிச் சட்டையை மாற்றிக்கொண்டாள். அந்த வருடம் அவளைத் தாண்டிப் பந்து போவது அரிதாகிவிட்டது. கருத்தரங்குக்காரர் சொன்னது பொய்யில்லை. கேட்டுப் பழக்கினால் பிள்ளைகள் மூளையையும் கோட்டுக்குள் கொண்டு வருகிறார்கள். இதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்துக் கிடையாது.

பாராட்டுவதுதான் எனக்குச் சரிவரவில்லை. 'நல்லா எறிஞ்சாய்' என்று நான் சொன்னதும் அந்தப் பிள்ளை திடுக்கிட்டு, என்ன பிழை விட்டேன் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தாள். தொட்டில் பழக்கம் என்பார்கள். என் தொண்டைக்குப் பாராட்டும் ஏச்சும் ஒரே சுருதிதான்.

அதே வருடம் ஆண்பிள்ளைகளின் உதைபந்தாட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த சேருக்கு வெருகல் பக்கம் இடமாற்றம் வந்தது. பதில் ஆள் வரும்வரைக்கும் பெடியங்களும் என் தலையில். சேர் போகும்போது பந்துப் பையைத் தந்துவிட்டு ஒரு புத்தியும் சொன்னார்.

"ரீச்சர், பெடியங்களோட கனக்கக் கதை வைக்காதேங்கோ. பேரைச் சொல்லி ஜேர்சியை எறியுங்கோ. அவ்வளவுதான்."

சொல்புத்தி கேட்டால் நான் ஏன் சங்கு ரீச்சர். பெடியங்களுக்கும் ஜேர்சிகளைக் குவித்துப் போட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் மூத்த பெடியங்கள் நாலு பேர் பாய்ந்து தங்களுக்குப் பிடித்த இலக்கங்களை எடுத்துவிட்டார்கள். பத்தாம் இலக்கத்தை இரண்டு பேர் இழுத்ததில் அதன் கழுத்துப் பட்டி கிழிந்தது. ஆளில் சின்னவனான ஒருவன் வலப்பக்கத்தால் ஓடினால் பிடிக்க ஆள் இல்லை. அவன் கையில் வந்தது மாற்று ஆட்டக்காரனின் ஜேர்சி. அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் இருந்தான்.

பயிற்சி முடிந்து எல்லாரும் போனபின் அவன் தண்ணீர்ப் போத்தலை மறந்தவன் மாதிரித் திரும்பி வந்தான்.

"ரீச்சர், நீங்களே பேர் சொல்லித் தாங்கோ. அவங்களோட கதைச்சு எடுக்க எனக்கு ஏலாது."

அடுத்த நாள் பெயர் சொல்லி எறிந்தேன். எல்லாரும் பிடித்தார்கள். மூத்தவர்களும் முகத்தைச் சுளிக்கவில்லை, நிம்மதியாகக்கூட இருந்தார்கள். யார் பெரியவன் என்று ஒவ்வொரு நாளும் நிரூபிக்கிற வேலை அவர்களுக்கும் குறைந்தது.

ஆனால் பெடியங்களிடம் கேட்கவே கூடாது என்று எடுத்துவிடாதீர்கள். கோல் காப்பவன் ஒரு நாள் பந்தை விட்டு விட்டுப் பிடித்தான். கையில் நோவா என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். ஒண்டுமில்லை என்று நெஞ்சை நிமிர்த்தினான். பின்னேரம் வலையைச் சுருட்டும்போது அவனும் நானும் மட்டும் நின்றோம். வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி, அதே கேள்வியை மெல்லக் கேட்டேன். விரலைக் காட்டினான். கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஆண்பிள்ளையிடம் நோவைக் கேட்பதானால் பக்கத்தில் ஆள் இருக்கக்கூடாது, அவன் முகத்தைப் பார்க்கவும் கூடாது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படியாக என்னிடம் ஒரு சூத்திரம் உருவாகிவிட்டது. ஆண்பிள்ளைகளுக்குச் சொல், பெண்பிள்ளைகளைக் கேள். ஆசிரியர் அறையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இதை நான் எடுத்துவிடுவேன். எங்கள் அதிபருக்கு அது நன்றாகப் பிடித்துப்போனது. அவர் நல்ல மனிதர். நல்லதாக ஏதும் கேள்விப்பட்டால் நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இனி லோஜினியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

லோஜினி எங்கள் அணியின் நடு ஆட்டக்காரி. 'சி' எழுத்துச் சட்டை அவளுடையது. வலைப்பந்தில் நடு ஆட்டக்காரிதான் இரண்டு பக்கமும் ஓடுகிறவள், பந்தைத் தொடங்கி வைக்கிறவள். அவள் நின்றால் அணி நிற்கும். அன்புவழிபுரத்துப் பிள்ளை. தகப்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குகிறவர், அதிகம் கதைக்காத மனிதர். அந்த வருடம் அவளுக்குப் பதினோராம் ஆண்டு, சாதாரண தரப் பரீட்சை. அது முடிந்தால் உயர்தரம், அத்தோடு வீட்டில் விளையாட்டுக்கு விடமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாகாணப் போட்டிக்கு நாங்கள் முதல் தடவையாகத் தெரிவாகியிருந்தோம். போட்டியும் எங்கள் மைதானத்திலேயே. அவளுக்கு அது முதலும் கடைசியுமான மாகாணப் போட்டி.

போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்பாகப் பெற்றோர் கூட்டம் நடந்தது. அதிபர் மேடையில் ஏறிப் பரீட்சை, சீருடை, மலசலகூடத் திருத்தம் எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் என்னைக் காட்டினார். எங்கள் வலைப்பந்து அணியில் இப்போது புது முறை, எந்தப் பிள்ளையையும் நாங்கள் விளையாடக் கட்டாயப்படுத்துவதில்லை, பிள்ளைகள் தாங்களாகவே விரும்பிச் சட்டையை எடுத்துப் போடுகிறார்கள் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். லோஜினியின் தகப்பனுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இருந்தார். அவர் எழும்பி, "அப்ப கட்டாயம் இல்லையோ?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்று அதிபர் சந்தோஷமாகச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். பாராட்டுகிறார்கள் என்ற குளிர்ச்சியில் இருந்தேன். லோஜினியின் தகப்பன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

அடுத்த நாள் பயிற்சியில் லோஜினி சட்டை எடுக்கவில்லை.

குவியலுக்குப் பக்கத்தில் வந்தாள், நின்றாள், தள்ளிப் போய்விட்டாள். 'சி' சட்டை கடைசிவரைக்கும் கிடந்தது. பிறகு வேறொரு பிள்ளை மனமில்லாமல் எடுத்துப் போட்டாள். பிள்ளைகளுக்குள் ஏதோ கோபம், இரண்டு நாளில் தீரும் என்று விட்டேன். மூன்றாம் நாளும் அதே கதை. ஏன் பிள்ளை எடுக்கவில்லை என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். விருப்பமில்லை ரீச்சர் என்றாள்.

இங்கே நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். என் சூத்திரத்தின்படி கேள்வி கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. பிள்ளையின் விருப்பத்தை மதிக்கவேண்டும். பழைய சங்கு ரீச்சர் என்றால், 'விருப்பத்தைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டு, சட்டையைப் போடு' என்றிருப்பாள். புது ரீச்சர் சரி என்றாள். பண்பாக நடந்துகொண்டேன் என்று பெருமையும்கூட. ஆனால் விருப்பமில்லாத பிள்ளை ஏன் ஒவ்வொரு நாளும் மேலதிக வகுப்பு முடிய மைதானத்துக்கு வருகிறது? கோட்டுக்கு வெளியே நின்று, மற்றப் பிள்ளைகள் பந்தை எறியும்போது இவள் கைவிரல்கள் ஏன் மடங்கி விரிகின்றன? அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் வலைப்பந்துக் களத்தில் பயிற்சிக்கு முதல் ஒரு வேலை உண்டு. மான் புழுக்கை கூட்டுவது. நிழலுக்கு வந்து படுத்துவிட்டுப் போகும் மான்கள், களத்தின் நடுவில்தான் படுக்கும். போட்டிக்கு இரண்டு நாள் இருக்கையில் நான் கூட்டிக்கொண்டிருக்கும்போது லோஜினி முந்தி வந்து மற்றத் தும்புத்தடியை எடுத்தாள். வேறு ஒருவரும் இல்லை. கோல் காப்பவனின் விரல் நினைவுக்கு வந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல், கூட்டிக்கொண்டே, விளையாட ஆசையில்லையா என்று கேட்டேன்.

அவள் ஒரு குவியலைக் கூட்டி ஓரத்தில் தள்ளினாள்.

"ரீச்சர், சட்டையை நீங்க எடுத்துத் தாங்கோ."

"ஏன், நீயே எடுக்கலாம்தானே. ஆர் தடுத்தது?"

"நான் எடுத்தா அது என்ர விருப்பம். வீட்டில அது எடுபடாது. நீங்க தந்தா அது உங்கட சொல்லு. உங்கட சொல்லை நான் வீட்ட கொண்டுபோகலாம்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். இவ்வளவு காலமும் வீட்டில் அவள் சொல்லி வந்தது ஒரே வசனம்தான். ரீச்சர் வரச் சொன்னவ. அதற்கு மேல் ஒருவரும் கேட்டதில்லை, ரீச்சர் சொன்னால் தட்ட ஏலாது. கூட்டத்துக்குப் பிறகு, அதிபரே கட்டாயம் இல்லை என்றுவிட்டார், பரீட்சை வருடத்தில் பொம்பிளைப் பிள்ளைக்கு இனி என்ன விளையாட்டு என்று கதை வந்துவிட்டது. நான் விரும்பிப் போகிறேன் என்று சொல்கிற வாய் அந்த வீட்டில் அவளுக்கு இல்லை.

"அப்பா என்ன சொன்னவர்?"

"அப்பா ஒண்டும் சொல்லேல்ல ரீச்சர். பேசாமல் இருந்தவர்."

பேசாமல் இருக்கிற தகப்பனைக் கண்டால்தான் எனக்குப் பயம். கத்துகிறவரோடு நானும் கத்தலாம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. வீட்டுக்கு ஸ்கூட்டியில் போகும் வழியெல்லாம் இதையேதான் யோசித்தேன். அந்தச் சின்னப் பெடியன் சொன்னதும் இவள் சொன்னதும் ஒன்றுதான். அவனுக்கு மூத்தவர்களோடு கதைத்து எடுக்க ஏலாது, இவளுக்கு வீட்டாரோடு கதைத்து எடுக்க ஏலாது. ஒருவன் ஆண், ஒருத்தி பெண். இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது என் சொல். கேட்டு நடத்துவது நல்லதுதான், ஆனால் கேட்ட கேள்விக்கு வாய் திறந்து பதில் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகக்கூடிய பிள்ளைக்குத்தான் அது நல்லது. மற்றப் பிள்ளைக்கு அது பாரம். கட்டளை போட்டால் அந்தப் பாரத்தை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.

வாங்கினால் சும்மா வாங்க முடியாது. பரீட்சை விளையாட்டான விஷயம் இல்லை. அந்த வீட்டார் கேட்டதிலும் நியாயம் உண்டு. நான் விளையாடு என்று சொல்லி, அவள் கணிதத்தில் விழுந்தால், அந்தப் பழி என் கணக்கில்தான். அடுத்த நாள் காலையில் முதல் வேலையாகப் பாடசாலைக் கணித சேரைப் பிடித்தேன். போட்டி நடக்கும் சனிக்கிழமை அவள் தவறவிடுகிற ரியூசன் பாடத்தை ஞாயிற்றுக்கிழமை எடுத்துத் தரவேண்டும் என்றேன். ஞாயிறு தனக்கு மீன் சந்தை நாள் என்றார். மீனை நான் வாங்கித் தருகிறேன் என்றேன். பரீட்சை வரைக்கும் பயிற்சியில் அரைமணித்தியாலம் முந்தி அவளை விட்டு, ரியூசன் வாசலில் என் ஸ்கூட்டியிலேயே இறக்குவது என்றும் முடிவு செய்தேன். சொன்னவருக்கு ஒரு செலவும் வைக்காத கட்டளை வெறும் அதட்டல். இத்தனை வருடமும் அதட்டலைத்தான் நான் கட்டளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய்த் தகப்பனோடு கதைக்கலாமா என்றும் யோசித்தேன். போனால் கெஞ்சலாகிவிடும். கெஞ்சினால் 'ரீச்சர் சொன்னவ' என்ற வசனம் செத்துவிடும். போகவில்லை. பின்னேரம் லோஜினியைக் கூப்பிட்டு, சனிக்கிழமை காலமை நீ இங்கே நிற்கவேண்டும், ரீச்சர் சொன்னவ என்று வீட்டில் சொல் என்றேன். ஓம் ரீச்சர் என்றாள். அந்த ஓமில் இருந்த உயிரை நான் முன்பு கேட்டதில்லை.

முடிவுகளை இப்போதே சொல்லிவிடுகிறேன், மனதைப் போட்டு உழப்பாதீர்கள். அந்தப் போட்டியில் நாங்கள் தோற்றோம். வென்ற கதை சொல்ல ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பரீட்சையில் லோஜினி கணிதத்தில் 'சி' எடுத்துத் தேறினாள். அந்த எழுத்து அவளை விடுவதாக இல்லை. நான் சொல்ல வந்தது போட்டியின் அரைநேர இடைவேளையில் நடந்ததை.

சனிக்கிழமை கச்சான் காற்று கொளுத்தி வீசியது. எதிரணி கிண்ணியாவிலிருந்து வந்திருந்தது. முழுநீளக் காற்சட்டையும் தலைமறைப்புமாக வந்த பிள்ளைகள், காற்றைப் படித்து வைத்திருந்தார்கள். பந்தைத் தாழத் தாழ எறிந்தார்கள். நான் அன்றைக்குச் சட்டைகளைக் குவிக்கவில்லை. பெயர் சொல்லி ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். 'சி' சட்டையை எடுத்து லோஜினியின் பெயரைச் சொன்னபோது மற்ற ஆறு பேரும் என்னைப் பார்க்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு முதலே எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் பிந்தி விடிந்திருக்கிறது.

லோஜினி அன்று ஓடிய ஓட்டத்தை நான் எழுதத் தேவையில்லை. அரைநேரத்தில் நாங்கள் கொஞ்சம்தான் பின்னுக்கு நின்றோம்.

பிள்ளைகளுக்குத் தோடம்பழத் துண்டு கொடுத்துக்கொண்டிருக்கும்போது லோஜினியின் கை நின்றுவிட்டது. அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள். பின்னால் இருந்து இறங்கியவர் கூட்டத்தில் கேள்வி கேட்ட வெள்ளைச் சட்டைக்காரர். அவர் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். ஓட்டி வந்த தகப்பன் மட்டும் மைதானத்துக்குக் குறுக்கே நடந்து வந்தார். வேலை உடுப்போடு இருந்தார். லோஜினி 'சி' சட்டையைக் கழற்றி, நாலாக மடித்து, பந்துப் பையின் மேல் வைத்தாள்.

பந்தலுக்குக் கீழே விருந்தினர்களோடு இருந்த அதிபர், பெற்றோர் ஒருவர் முறைப்பாட்டோடு வருகிறார் என்று கண்டு விரைந்து வந்தார். நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எதிரணிப் பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள்.

தகப்பன் என் முன்னால் வந்து நின்றார்.

"ரீச்சர், இவளை விளையாடச் சொன்னது ஆர்?"

அதிபர் முந்திக்கொண்டார். நாங்கள் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை ஐயா, பிள்ளைகள் தாங்களாகவே என்று தொடங்கினார். அவர் அந்த வசனத்தை முடித்திருந்தால் லோஜினியின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"நான் சொன்னனான்," என்றேன்.

அதிபர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கட்டாயமோ?" என்று தகப்பன் கேட்டார்.

"ஓம். கட்டாயம்."

அதிபரின் வாய் திறந்தபடி நின்றது. பாவம், மேடையில் அவர் சொன்னதை விருந்தினர்களுக்கு முன்னால் நான் பொய்யாக்கிவிட்டேன். கோட்டுக்குள் நான்தான் பொறுப்பு சேர், பிறகு கதைப்போம் என்றேன். சண்டைக்கு நான் தயார். கணித சேர், ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூட்டி, எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. இந்த மனிதர் என்ன சொன்னாலும் அவளை விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். பையின் மேல் கிடந்த சட்டையைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் வாசல் பக்கம் ஓட்டிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ ரீச்சர். என்ர அண்ணர் வாசலில நிக்கிறார்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. 'ரீச்சர் சொன்னவ' என்ற வசனத்தை மகள் மட்டும் காவித் திரியவில்லை. இந்த மனிதரும் அதையேதான் தமையனுக்கும் ஒழுங்கையில், தெருவில் கேட்டவர்களுக்கும் இத்தனை காலமும் சொல்லி வந்திருக்கிறார். மேடையில் நாங்கள் கைதட்டோடு பறித்தது அவருடைய பதிலையும்தான்.

சட்டையை எடுத்தேன். கருத்தரங்குக்காரர் என்னை மன்னிக்கட்டும். பிறந்த நாளிலிருந்து எனக்கு வாய்த்த தொண்டை முழுவதையும் திறந்தேன்.

"லோஜினி, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஆர் வந்து கேட்டாலும் நான் விடமாட்டன். இது என்ர கட்டளை. போட்டுக்கொண்டு இறங்கு."

மைதானத்தின் மறுகரையில் மான்கள் தலையைத் தூக்கின. லோஜினி சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டே நடுவட்டத்துக்கு ஓடினாள். நடுவர் விசிலை வாயில் வைத்தார். தகப்பன் திரும்பி வாசலை நோக்கி நடந்தார். பாதி வழியில் நின்று, தமையனைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார், நான் என்ன செய்ய, ரீச்சர் விடமாட்டாவாம் என்று.